கோட்டின் இடது கை

அப்பாவின் இடது கை சட்டைக்குள் போக மறுத்தது. உயிரோடு இருந்தபோதே அது முழுதாக நீளாது. மாடிப்படியில் விழுந்து உடைந்ததாக வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். மகள் ஒரு பக்கமும் அவளுடைய அண்ணன் மறுபக்கமும் நின்று இழுத்துப் பார்த்தார்கள். காலையில்தான் போயிருந்தார். அவர் பாதி குடித்த டீ இன்னும் மேசைமேல் இருந்தது.

வாசல் மணி அடித்தது. துக்கம் கேட்க யாரோ வந்துவிட்டார்கள் என்று அவள் போனாள். கூரியர்காரர். பொட்டலத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"திருப்பி அனுப்பிட்டானா?" என்றான் அண்ணன். "நேரம் பாத்து வருது பாரு."

அப்பா ஒரு காலத்தில் சினிமா ஸ்டுடியோவில் உடுப்பு மடித்து வைக்கிற வேலையில் இருந்தவர். பிள்ளைகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போன மாதம், அவர் அலமாரியில் கிடந்த கறுப்புக் கோட்டை, பழைய சினிமாப் பொருள்களை ஏலம் விடும் இணையதளத்தில் அவர் பெயரிலேயே அண்ணன் போட்டான். "பாலத்துலேந்து குதிக்கிற சீன்ல வந்த கோட்டு, அவ்வளவுதான் எழுது" என்றார் அப்பா. அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. 'கதாநாயகன் அணிந்தது' என்று ஒட்டவைத்தான்.

வாங்கியவர் விடாக்கண்டன். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். தோள் ரொம்ப அகலம், இடது கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழித்துத் தைத்திருக்கிறது, படத்தில் எங்கும் அப்படி இல்லை என்று புகார் கொடுத்தார். அப்பா பெயருக்கு நேராகச் சிவப்பு எழுத்தில் 'சந்தேகத்துக்குரியவர்' என்று விழுந்தது. கிழவன் நன்றாகக் காது குத்துகிறான் என்று ஒருவர் கீழே எழுதினார்.

அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அத்தனையையும் படித்தார். "அளவெல்லாம் சரியாத்தான் சொல்றான்" என்று சிரித்தார்.

"அப்போ பாலத்து சீன்ல வந்ததுன்னு எங்ககிட்ட சொன்னது பொய்யாப்பா?" என்றான் அண்ணன்.

அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து போனார். அன்றோடு அண்ணன் அவரிடம் பேச்சை நிறுத்தினான். அவள் சமாதானம் சொன்னாளே தவிர, அப்பா புளுகிவிட்டார் என்றுதான் அவளும் நம்பினாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, பொட்டலத்தைக் காட்டி, "அதப் பிரி" என்றாள்.

கோட்டை வாங்கி அப்பாவின் மார்மேல் விரித்தாள். உடம்பு எவ்வளவோ இளைத்திருந்தது; தோள் மட்டும் தைத்து வைத்தாற்போல் பொருந்தியது. அம்மா கோட்டின் தையலைத் தடவினாள். பிறகு அப்பாவின் கோணல் முழங்கையைத் தடவினாள்.

"மாடிப்படியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பாலம்தான். ஹீரோவுக்குத் தண்ணின்னா பயம். உங்கப்பாதான் டூப். கீழ பாறைல கை பட்டுருச்சு. கோட்டக் கழட்ட முடியாம ஆஸ்பத்திரில கிழிச்சாங்க. நான்தான் தச்சேன்."

அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"டூப் போடுறவங்க வெளிய சொல்ல மாட்டாங்க. ஹீரோவே குதிச்சாருன்னு ஊரெல்லாம் போஸ்டர். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்தாரு."

"அந்த ஹீரோ செத்தே எத்தனை வருஷமாச்சு!"

"அதுக்கு?" என்றாள் அம்மா.

அண்ணன் போனை எடுத்தான். "புகார் இன்னும் மூடல. இப்பவே எழுதுறேன். அப்பாவத் திட்டினவன் எல்லாம் படிக்கட்டும்."

எழுதுடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அப்பாவைச் சந்தேகப்பட்டது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஹீரோ போட்டது இல்ல, நாங்கதான் தப்பா எழுதிட்டோம்னு மட்டும் போடு."

"அப்போ யாரு போட்டதுன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும்."

அந்த ஒரு வரியை எழுத அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. முடித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

அம்மா கத்தரிக்கோலால் தன் பழைய தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கோட்டின் கை திறந்துகொண்டது. அப்பாவின் கை இந்த முறை மல்லுக்கட்டாமல் உள்ளே போனது.

"கறுப்பு நூல் இருக்கா பாரு" என்றாள் அம்மா.

மகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். தைக்க வாகாக, அண்ணன் அப்பாவின் மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.