வரைபடத்தில் இல்லாத கேபிள்

எண்பத்திரண்டாம் வருஷம், தேர் போகும் தெருவில் ஒரு புது லாட்ஜுக்குச் சாக்கடைக் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினார்கள். திரௌபதியின் மண்வெட்டி ஒரு செங்கல்லில் இடித்தது. மண்ணை ஒதுக்கிப் பார்த்தாள். வரிசையாகச் செங்கல். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் மின்சாரக் கேபிள் புதைத்தபோது அவளும் கூலிக்கு வந்திருந்தாள். கேபிளின் மேல் மணல் கொட்டிச் செங்கல் பரப்பியவர்களில் அவளும் ஒருத்தி.

ஓவர்சியர் சக்கரவர்த்தியிடம் ஓடினாள். "சார், அடியில கரண்டு கேபிள் போவுது. நாங்கதான் பொதைச்சோம். கடப்பாரை போடாதீங்க."

அவர் வரைபடத்தை ஜீப்பின் மேல் விரித்தார். "கேபிள் எதிர்ச்சாரியில இருக்கு. இதோ பாரு, சிவப்புக் கோடு."

"அங்க பாறை வந்துடுச்சு சார். அதான் இந்தப் பக்கம் மாத்திட்டாங்க."

"ஆபீஸ் மேப்பைவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமா? பயமா இருந்தா மேல ஏறிப் போ. டேய் கண்ணாயிரம், நீ இறங்கு."

கண்ணாயிரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவளோடு ஒரே பஸ்ஸில் வருகிறவன். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டா. நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

"மேப்பப் பாத்துதானக்கா சொல்றாரு" என்று கையை விடுவித்துக்கொண்டு இறங்கினான்.

கடப்பாரையின் நாலாவது குத்தில் கேபிள் வெடித்தது. உயிர் பிழைத்தான். வலது கையை மட்டும் வேலூர் ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை அதிகாரியைப் பார்க்கத் திரௌபதி மூன்று நாள் வாசலில் நின்றாள். உள்ளே விடவில்லை. கூலியாளின் அஜாக்கிரதை என்று எழுதி முடித்துவிட்டதாகப் பியூன் சொன்னான்.

அடுத்த மாதம் சக்கரவர்த்தியே அவளுக்கு ஆள் அனுப்பினார். மீதித் தெருவையும் வெட்ட வேண்டுமாம். கேபிள் எப்படிப் போகிறதென்று காட்ட வேறு யாரும் அகப்படவில்லை.

"அன்னைக்கே சொன்னேனே சார்."

"வாயால சொன்ன. எழுதியா குடுத்த?"

அவர் முகத்தில் காறித் துப்பலாம்போல் இருந்தது. திரும்பி நடந்தாள். தெரு ஓரத்தில் புதிதாக வந்த கூலிக்காரர்கள் கடப்பாரைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போக அவளுக்குக் கால் வரவில்லை.

திரும்பி வந்து சுண்ணாம்புத் தூள் சட்டியை வாங்கினாள். எங்கே பாறை, எங்கே வளைவு என்று யோசித்து யோசித்து, தெருக்கோடி வரை கோடு போட்டாள். சக்கரவர்த்தி பின்னாலேயே வந்து அதைப் பென்சிலால் வரைபடத்தில் ஏற்றிக்கொண்டார்.

"சார், கண்ணாயிரம் மேல தப்பு இல்லன்னு இதுலயாவது எழுதுங்க."

"அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அவர் ஜீப்பில் ஏறினார்.