சுவர்ப் பக்கம், தெருப் பக்கம்

மட்கார்டின் முன்முனையை டிங்கர் பிடித்திருந்தார். பின்முனையை அவர் மனைவியின் தம்பி பிடித்திருந்தான். நடுவில் பழைய துணியோடு மனைவி நின்றாள். தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். வீட்டுக்குப் பக்கத்துச் சந்தின் மேல் தகரம் போட்டு உண்டாக்கிய கொட்டகை அது. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறு பக்கம் தெருவைப் பார்த்த கம்பி வலை. இடையில் அந்தப் பழைய கார் எஞ்சினும் ரேடியேட்டரும் வெளியே தெரிய நின்றது.

"உன் தம்பிகிட்ட சொல்லு, அவன் பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கு," என்றார் டிங்கர்.

தம்பி கை எட்டும் தூரத்தில்தான் நின்றான். காதிலும் அவனுக்கு ஒரு கோளாறும் கிடையாது. இருந்தாலும் முறை என்று ஒன்று ஏற்பட்டுவிட்டதே. அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு நூல் ஏறியிருக்காம்டா."

"இறக்கிட்டேன்னு சொல்லுக்கா."

"இறக்கிட்டானாம்ங்க."

டிங்கர் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இறங்கித்தான் இருந்தது. ஸ்பானரை எடுத்து போல்ட்டை முடுக்கினார். கடைசி மட்கார்டும் ஏறிவிட்டது. இனி எஞ்சினை மூடும் பானெட் ஒன்றுதான் பாக்கி.

இரண்டு பேரும் பஸ்ஸுக்கு பாடி கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். டிங்கருக்குத் தகடு தட்டி நிமிர்த்துகிற வேலை. தம்பி ஃபிட்டர், கதவு, கீல், பூட்டு எல்லாம் அவன் பொறுப்பு. அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகு டிங்கர்தான் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அங்கே சேர்த்துவிட்டார். ஒரே ஷிஃப்ட், ஒரே சாப்பாட்டு மேசை, 'மாப்ள' 'மாமா' என்று நாள் முழுக்கக் கேலி. அப்புறம் ஸ்டிரைக் வந்தது. டிங்கர் கடைசி வரை கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். ஃபிட்டர் பாதியில் ஒரு காலையில் அதே கேட்டைத் தாண்டி உள்ளே போனான். உட்கார்ந்திருந்தவர்களின் வரிசையைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. மாமாவின் கால் பக்கமாகப் போனபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு நின்றது பேச்சு.

கம்பெனி யாரையும் விட்டுவைக்கவில்லை. உள்ளே போனவர்களைப் புதுசாகச் சேர்ந்தவர்கள் என்று எழுதிக்கொண்டு பழைய சர்வீஸை ஒரேயடியாகத் துடைத்துவிட்டது. வெளியே நின்றவர்களுக்குக் கோர்ட்டில் கேஸ். அடுத்த வருஷமே மொத்தத்தையும் இழுத்து மூடிவிட்டார்கள். டிங்கர் வீடு வீடாகப் போய் இரும்பு கேட்டுகளுக்கு ஒட்டுப் போட்டார். ஃபிட்டர் மாடி மாடியாகத் தண்ணீர் கேன் சுமந்தான். அக்கா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கார் வந்ததும் ஒரு வழி தெரிந்தது. கல்யாணத்துக்கும் போட்டோ எடுப்பதற்கும் பழைய கார்களை வாடகைக்கு விடும் ஒருவர் இதைக் கொண்டுவந்து நிறுத்தினார். தகடுகளையெல்லாம் கழற்றி, நெளிவெடுத்து, அவருடைய பெயிண்டரிடம் அனுப்பி, பெயிண்ட் ஆனதும் திரும்பப் பொருத்தித் தர வேண்டும். சரியாக வந்தால் அவருடைய ஷெட்டில் நிற்கும் மற்ற நாலு வண்டிகளும் டிங்கருக்குத்தான். ஆனால் பொருத்தும்போது பெயிண்டில் ஒரு கீறல் விழக்கூடாது, விழுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்றைக்குச் சாயங்காலம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

ஒற்றை ஆளாக ஒரு கதவைக்கூடத் தூக்கி மாட்ட முடியாது. அக்கா யாரையும் கேட்காமல் தம்பியைக் கூட்டி வந்துவிட்டாள். டிங்கர் முறைத்தார். வேலை செய்யட்டும், ஆனால் தன்னிடம் பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அப்படித்தான் அவள் நடுவில் நிற்கும்படி ஆயிற்று.

முதல் கதவிலேயே வம்பு வந்தது. "இடது பக்கம் தள்ளச் சொல்லு" என்று அவர் சொல்ல, அவர்களைப் பார்த்து நின்ற அக்கா தன்னுடைய இடது கையைக் காட்ட, அவன் அந்தப் பக்கம் தள்ள, கதவு இடித்துக்கொண்டது. அன்றிலிருந்து இடது வலது கிடையாது. சுவர்ப் பக்கம், தெருப் பக்கம் என்று ஆகிவிட்டது. பேச்சை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும் பழக்கமும் அவளுக்கு இல்லை. "கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று அவர் கத்தினால், "கொஞ்சம் பார்த்துப் பிடிக்கணுமாம்" என்று போகும். "இவரு பெரிய என்ஜினியரு" என்று அவன் முணுமுணுத்தால், "சரின்னு சொல்றான்" என்று வரும்.

இடைவெளி பார்க்க டிங்கர் ஒரு வழி வைத்திருந்தார். கம்பெனியில் கொடுத்த அடையாள அட்டை, கெட்டியான பிளாஸ்டிக் உறையோடு அப்படியே அவரிடம் இருந்தது. கதவுக்கும் அடுத்த தகடுக்கும் எவ்வளவு சந்து வேண்டுமோ அவ்வளவு கனம். மேலிருந்து கீழ் வரை அட்டையை இழுத்துப் பார்ப்பார். ஒரு இடத்தில் சிக்கினாலோ ஆடினாலோ கீலைத் தளர்த்தச் சொல்லுவார். ஃபிட்டர் அதை முதல் நாளே பார்த்துவிட்டான்.

பானெட்டை எடுக்கப் போகும் நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே முகத்தைச் சுளித்தாள். ஆள் வரவில்லையாம், துணி மலையாகக் குவிந்திருக்கிறதாம், உடனே போக வேண்டுமாம். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"பானெட்டை மாட்டணுமே, யாரு சொல்றது?" என்று டிங்கர் கேட்டார்.

"வாய் இருக்கிறவங்க சொல்லட்டும்," என்று சொல்லிக்கொண்டே அவள் தெருவில் இறங்கினாள்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு டிங்கர் தொண்டையைக் கனைத்தார். அவன் வந்து தெருப் பக்கம் நின்றான். அவர் சுவர்ப் பக்கம். மூலைகளில் துணி சுற்றியிருந்த பானெட்டைத் தூக்கிக் கீலில் உட்காரவைத்து, போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றினார்கள். அதுவரை ஜாடையிலேயே ஓடியது. இறக்கிப் பார்த்தால் பானெட் தெருப் பக்கம் சாய்ந்து நின்றது. டிங்கர் அந்தப் பக்கச் சந்தில் அட்டையைச் சொருகி நகர்த்தினார். இப்போது சுவர்ப் பக்கம் முட்டியது. அட்டையை இந்தப் பக்கம் மாற்றினார். மறுபடி அந்தப் பக்கம் போயிற்று.

"ஏ பானெட்டே, உனக்கு என்னதான் வேணும்? ஒரு பக்கமா நில்லேன்," என்றான் ஃபிட்டர், தகட்டைப் பார்த்து.

டிங்கரின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பை விழுங்கிவிட்டு, மறுபடி திறக்கலாம் என்று தலையை ஆட்டினார்.

துணி சந்தில் சிக்குகிறது என்று அதை எடுத்துவிட்டிருந்தார்கள். திறந்து, இரண்டாம் முறை இறக்கும்போது தெருப் பக்கக் கீலின் போல்ட் நழுவியது. பானெட் அப்படியே பின்னால் சறுக்கி, அதன் பின்மூலை மட்கார்டின் விளிம்பை நோக்கி இறங்கியது. அந்த விளிம்பில் பெயிண்ட் முகம் பார்க்கலாம் போல மின்னியது. ஃபிட்டர் யோசிக்கவில்லை. இடது கையின் இரண்டு விரலை நடுவில் வைத்துவிட்டான். பானெட்டின் கனம் அதன் மேல் உட்கார்ந்தது.

சுவர்ப் பக்கத்திலிருந்து டிங்கருக்கு அந்த விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. முன்னால் தூக்கினால் பின்னால் இன்னும் அழுத்தும் என்பது அவருக்குத் தெரியும்.

"மாப்ள, கையை எடு!"

அவன் எடுக்கவில்லை.

"பெயிண்ட் போனா போகட்டும்டா. கையை எடு மாப்ள!"

"எடுக்க மாட்டேன். நீங்க இந்தப் பக்கம் வந்து தூக்குங்க மாமா."

டிங்கர் ஒரு கட்டையை முன்னால் முட்டுக்கொடுத்துவிட்டுச் சுற்றி ஓடினார். ஓடும்போது வாளியில் கால் இடறித் தண்ணீர் கொட்டியது. பின்மூலைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். ஃபிட்டர் விரலை இழுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். மட்கார்டில் ஒரு கோடுகூட இல்லை. அவன் விரல்களில் தோல் வழன்று, நகம் அப்போதே கறுக்க ஆரம்பித்திருந்தது.

டிங்கர் குழாயடிக்கு இழுத்துப் போய்க் கையைத் தண்ணீரில் பிடித்தார். மடக்கச் சொன்னார், மடக்கினான். எலும்பு தப்பியது. துவைத்த துணியில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றினார்.

"எதுக்குக் கையை வெச்ச? அறிவு இருக்கா?"

"பெயிண்ட் போயிட்டா வேலை போயிடும் மாமா." அவன் கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னைக்கும் அந்த பயத்துலதான் உள்ள போனேன்."

டிங்கர் முடிச்சை இறுக்கினார். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அதை மூடிவிட்டு வந்தார்.

"நான் வெளிய உக்காந்ததும் அதே வேலைக்காகத்தான்டா," என்றார்.

டிங்கர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கேன் தூக்கும் கையில் அடிபட்டுவிட்டதே, நாளைக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். வலது தோள் இருக்கிறதே என்றான். கேஸ் எப்படிப் போகிறது என்று அவன் கேட்டதற்கு, அது பாட்டுக்கு வாய்தா வாங்கிக்கொண்டு போகிறது, ஜட்ஜ்தான் மாறிக்கொண்டே இருக்கிறார் என்றார்.

திரும்பப் பானெட்டுக்கு வந்தபோது ஃபிட்டர் தன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். தண்ணீர் கேன் சீட்டுகளுக்கு நடுவிலிருந்து அவனுடைய அட்டையை எடுத்தான். அதே கம்பெனி, அதே கெட்டி உறை. சேர்ந்த தேதி மட்டும் அவன் உள்ளே போன நாளின் தேதி.

"ஒரு அட்டையை வெச்சா அடுத்த பக்கம்தானே ஓடும் மாமா. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வெச்சாதான் நடுவுல நிக்கும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"யாருகிட்ட சொல்றது?"

சுவர்ப் பக்கம் ஓர் அட்டை, தெருப் பக்கம் ஓர் அட்டை. பானெட்டை மெதுவாக இறக்கினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஆடாமல் அசையாமல் வந்து உட்கார்ந்தது. டிங்கர் "பிடி" என்றார், அவன் பிடித்தான்; "விடு" என்றார், விட்டான். போல்ட்டுகள் மளமளவென்று இறுகின.

வெயில் இறங்குகிற நேரத்தில் கார்க்காரர் வந்தார். முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு பக்கச் சந்தையும் மாறி மாறிப் பார்த்தார். மட்கார்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். ஃபிட்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பானெட்டைத் தூக்கி மூடியபோது கனமான ஒரே சத்தம் வந்தது, எதுவும் அதிரவில்லை. அடுத்த வண்டியைத் திங்கட்கிழமை அனுப்பட்டுமா என்று கேட்டார். பிறகு ஃபிட்டரைப் பார்த்து இது யார், உங்கள் ஆளா என்றார்.

"என் மாப்ள சார். கதவு, கீலெல்லாம் இவன் கைதான். இனிமே ரெண்டு பேரும்தான் செய்வோம்."

அவர் போன பிறகு அக்கா வந்தாள். கொட்டகைக்குள் நுழையும்போதே காரைப் பார்க்கவில்லை, இரண்டு பேரின் முகத்தையும்தான் பார்த்தாள். தம்பியின் விரலைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தாள். யாரால் என்று கேட்டாள். "பானெட்டால," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அவள் சட்டென்று அடங்கிப் போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளெல்லாம் அவள் உள்ளங்கை சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். இன்றைக்குக் காய்ந்து சாதாரணமாக இருந்தது. டிங்கர் அதைக் கவனித்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் விட்டுவிட்டார்.

இருட்டுவதற்குள் சாமான்களை ஒதுக்கிவைத்தார்கள். கிரீஸ் படிந்த இரண்டு அட்டைகளையும் அக்கா துணியால் துடைத்தாள். முன்பக்கம் இருந்த போட்டோக்களில் இருவருக்கும் தலைமுடி அதிகமாக இருந்தது. திருப்பினாள். பின்பக்கம் அச்சடித்திருந்ததை விளக்கருகே பிடித்து வாசித்தாள்.

"இந்த அட்டை கம்பெனியின் சொத்து. வேலையை விட்டு விலகும்போது கேட்டில் ஒப்படைக்க வேண்டும்." நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒப்படைக்கலையா?"

"கேட்டையே பேத்து எடைக்குப் போட்டுட்டாங்கக்கா," என்றான் ஃபிட்டர். "எங்க கொண்டுபோய்க் குடுக்கிறது?"

டிங்கர் கையை நீட்டி இரண்டையும் வாங்கிக்கொண்டார். டூல் பெட்டியில் ஸ்பானர்களுக்கு மேல் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெட்டியை ஃபிட்டரிடம் தள்ளினார்.

"தொலைச்சிடாத மாப்ள," என்றார். "திங்கக்கிழமை வேணும்."