வரிசையின் முதல் கை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெலின்கிராத் ஊர்க் கலாமன்றத்தில் ஹோரோ ஒத்திகை. வரிசையாகக் கைகோத்து ஆடும் ஆட்டம். ராலித்சா ஐந்து மணிக்கே எழுந்து விரல்களை வெந்நீரில் வைத்திருந்தாள். அப்படியும் அவை முழுதாக மடங்கவில்லை.

மூட்டுவாதம் என்று மருத்துவர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அவளுக்கு இருபத்திரண்டு வயது. குழுவில் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு முன்பு வரிசையை நடத்தியவன் நேனோ. இருபத்தேழு வயதில் இடுப்பு வலிக்கிறது என்றான். உடம்பைப் பார்த்துக்கொண்டால் இந்த வயதில் வலி எப்படி வரும் என்று எல்லோரும் கேட்டார்கள். ஒரே வாரத்தில் அவனுக்குத் தாத்தா என்று பெயர் விழுந்தது. இடம் வரிசையின் வாலுக்குப் போனது. பிறகு அவன் வரவில்லை. பெயர் வைத்தவள் ராலித்சா.

“இன்னிக்கு இடுப்புப் பட்டையைப் பிடிச்சு ஆடலாமா?” என்று ஒத்திகை தொடங்கும்போது ராலித்சா கேட்டாள்.

“மூணு வாரமா இதையேதான் கேக்குற. விழாவுல கைகோத்துதான் ஆடணும். போய் நில்லு,” என்றாள் ஆசிரியை வெசெலா.

வலக்கையில் முதல் ஆள் வீசும் கைக்குட்டை. இடக்கை ஷிவ்கோவின் கையில். நாலாவது சுற்றில் வரிசை பின்னால் இழுபட்டது. அவன் பிடி இறுகியது. அவள் கையை உருவிக்கொண்டாள். ஆட்டம் நின்றது.

“என் கைதான் வேர்த்து வழுக்கிருச்சு,” என்றான் ஷிவ்கோ.

இடைவேளையில் குழாயடியில் அவனைப் பிடித்தாள்.

“எப்பலேருந்து தெரியும்?”

“நீ மோதிரத்தைக் கழட்டினதுலேருந்து. மணிக்கட்டைத்தான் பிடிச்சிட்டிருந்தேன். இன்னிக்குத் தவறிருச்சு.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே?”

“நேனோவை என்ன பாடு படுத்தின. உன்கிட்ட யார் கேப்பா?”

அவள் குழாயை மூடினாள். உள்ளே போய் எல்லோரிடமும் சொன்னாள்.

“மூட்டுவாதமா? அது எங்க தெருக் கிழவிங்களுக்குல்ல வரும்,” என்றான் ஒருவன்.

“காலையில காபியைத் தவிர எதையும் தொடமாட்டா. வராம என்ன செய்யும்?” என்றாள் போரிஸ்லாவா.

வெசெலா யோசித்தாள். “கொஞ்ச நாள் கடைசியில நிக்கிறியா?”

“அங்கேயும் ஒருத்தர் கையைப் பிடிக்கத்தானே வேணும். இங்கேயே நிக்கிறேன். ஒத்திகையை மட்டும் பதினோரு மணிக்கு வைங்க. அதுக்குள்ள விரல் இளகிரும்.”

“பாக்கலாம்,” என்றாள் வெசெலா. மேளக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். ராலித்சா முதல் இடத்தில் நின்று இடக்கையை நீட்டினாள். ஷிவ்கோ மணிக்கட்டைப் பிடித்தான்.

மதியம் வெசெலாவின் செய்தி வந்தது: அடுத்த வாரம் பதினோரு மணி. ராலித்சா நேனோவைப் போனில் கூப்பிட்டாள். நாலைந்து முறை மணி அடித்த பிறகுதான் எடுத்தான்.

“சொல்லு பாட்டி,” என்றான்.

அதற்குள் விஷயம் அவன் காதுக்கும் போய்விட்டிருந்தது. அவள் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டாள்.

“சனிக்கிழமை பதினோரு மணிக்கு,” என்றாள். “வர்றியா?”