ஏறாத கொடி

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுவாரம், தூத்துக்குடிக் கடற்கரையில் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி வைத்திருந்த வன்னியபெருமாள், கூலியாட்களைக் கூட்டிவைத்து மரணத்தைப் பற்றிப் பேசினார். ரோமாபுரி ஞானிகளைப் படித்தவர். கப்பல் கரைக்கு வராமல் தொலைவில் நின்றது; தோணியில் மூட்டை கொண்டுபோக ஆட்கள் தயங்கினார்கள். ஆகவே ஞானம் அவசரமாகத் தேவைப்பட்டது.

"சாவு நம்ம கையில இல்லலே. கையில இல்லாததுக்கு எதுக்குப் பயப்படணும்?"

"குண்டு வந்தா என்ன செய்ய, அண்ணாச்சி?" என்று கேட்டாள் மூட்டை தைக்கும் சண்முகத்தாய். அவள் புருஷன் சொரிமுத்து தோணிக்காரன்.

"கிட்டங்கி மாடியில செவப்புக் கொடி ஏத்துவேன். பாத்ததும் தோணி திரும்பிரட்டும். நானே ஏத்துவேன்ளா." மாடிக் கதவுச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

தோணிகள் போயின. உச்சிவெயிலில் அபாயச் சங்கு ஊதியது.

ஞானி ஓடினார். மாடிக்கு அல்ல, கிட்டங்கிக்குப் பின்னால் தமக்கென்று வெட்டியிருந்த பதுங்கு குழிக்கு. வழியில் பட்டு அங்கவஸ்திரம் உடைமரத்து முள்ளில் மாட்டியது. அதைத் துறந்துவிட்டுப் போனார். படித்த ஞானத்தில் அது ஒன்றுதான் கைகூடியது.

சண்முகத்தாய் குழியின் வாயில் நின்று கத்தினாள். "அண்ணாச்சி, கொடி! சாவியவாவது தூக்கிப் போடுங்க, நான் ஏத்துதேன்!"

"ஆளு நிக்கது தெரிஞ்சா இங்கனதான் போடுவான்! அங்கன போளா!"

கையை வெளியே நீட்டினால் போதும். நீட்டவில்லை.

அவள் ஓடிப்போய் மாடிக் கதவைத் தோளால் இடித்தாள். தேக்குக் கதவு. பிறகு கரைக்கு ஓடி முந்தானையை வீசினாள். அவ்வளவு தூரத்தில் அது யார் கண்ணில் படும்?

விமானம் வரவில்லை. சோதனைக்கு ஊதிய சங்கு என்று பிறகு தெரிந்தது.

அந்தியில் சொரிமுத்து சிரித்துக்கொண்டே கரையேறினான். "மத்த கிட்டங்கித் தோணியெல்லாம் சங்கு கேட்டதும் திரும்பிட்டு. நம்ம கொடி ஏறலலா? ஆபத்துன்னா அண்ணாச்சி ஏத்தாம இருப்பாகளான்னு நாங்க பாட்டுக்கு மூட்டைய ஏத்திக்கிட்டிருந்தோம்."

குளித்து வேட்டி மாற்றிவந்த வன்னியபெருமாள், "பாத்தியாலே, மனசு அசையாம இருந்தா ஒண்ணும் செய்யாது" என்று தொடங்கினார்.

சண்முகத்தாய் கையை நீட்டினாள். தோளெல்லாம் சிராய்ப்பு.

"சாவியத் தாங்க."

"என்னளா?"

"சாவுக்குப் பயப்படுதது தப்பில்ல அண்ணாச்சி. எனக்கும் பயந்தான். நம்ம பயத்தப் பொத்தி வச்சுக்கிட்டு, அடுத்தவன் சாவுக்குத் தைரியம் சொல்லுதோம் பாருங்க, அதுதான் பாவம்."

மறுநாள், சாவி அவள் கைக்கு வரும்வரை மூட்டைக்கு யாரும் குனிவதாக இல்லை. வன்னியபெருமாள் அரைஞாண் முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினார்.

"கொடிய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் அவள். "நீங்க குழியப் பாத்துக்கிடுங்க."