மார்ச்சில் பேசிக்கொள்ளலாம்

“நான் கக்கூஸுக்குப் போனாக்கூட உங்கிட்ட எழுதிக் குடுத்துட்டுத்தான் போகணுமா?”

தமியான் ஒருமுறை தன் காதலி நொயெமியிடம் இப்படிக் கேட்டான். வீட்டில் வைத்துக் கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. புவனோஸ் ஐரிஸில் ஒரு பீட்சா கடையில், அவனுடைய நண்பர்கள் முன்னால் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நொயெமியும் சிரித்தாள். அவன் கழிப்பறையில் இருந்த நேரத்துக்குள் ‘எங்கே இருக்கே?’, ‘கோபமா?’ என்று இரண்டு செய்திகள் அனுப்பியிருந்தாள். ஆகவே அவன் கேட்டதில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

அதற்குப் பிறகுதான் இருவரும் இர்மாவிடம் போனார்கள். அந்த ஊரில் பல் வலித்தால் பல் டாக்டர், காதல் வலித்தால் மனநல ஆலோசகர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கறிக்கடைக்காரர்கூட விலா எலும்பை வெட்டிக்கொண்டே, “என்னோட ஆலோசகர் என்ன சொல்றாருன்னா…” என்று ஆரம்பிப்பார்.

காதலில் சிலர் ஒட்டிக்கொள்ளும் வகை, சிலர் விலகிப்போகும் வகை என்று இர்மா விளக்கினாள். ஒருத்தர் துரத்தத் துரத்த மற்றவர் ஓடுவார். ஓட ஓட இவர் துரத்துவார். எல்லாம் சின்ன வயதில் பெற்றவர்கள் தூக்கியதிலும் தூக்காததிலும் தொடங்குகிறது. உழைத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இருவர் காதிலும் விழவில்லை. மருந்துக்குப் போனவர்கள் நோயின் பெயரைக் குடும்பப் பெயர்போல ஒட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

முன்பெல்லாம் அவள் பிறந்தநாளை மறந்தால் அவன் கொஞ்சமாவது விழிப்பான். இப்போது, “நெருக்கம் ஜாஸ்தியானா நான் விலகுவேன்னு உனக்குத்தான் தெரியுமே” என்றான், டாக்டர் சீட்டைக் காட்டிக் குடிக்கிறவனைப் போல. அவள் மட்டும் என்ன வாழ்ந்தது? அவன் குளிக்கும்போது அவனுடைய அலைபேசியைத் துழாவிவிட்டு, கையும் களவுமாக மாட்டியபோது, “எனக்கு உறுதி வேணும், அதுதான் என் வகை” என்றாள். சண்டை அப்படியேதான் இருந்தது. சண்டையின் மொழிதான் படித்தவர்கள் மொழியாகிவிட்டது.

இப்படியிருக்க, நொயெமியின் வாடகை வீட்டு ஒப்பந்தம் பிப்ரவரி கடைசியோடு முடிகிறது. அல்மாக்ரோ பகுதியில் இருவரும் சேர்ந்து இருக்க ஒரு வீடு பார்த்துவைத்திருந்தாள். சமையலறையில் நல்ல வெளிச்சம். வீட்டுக்காரர் இரண்டு பேருடைய கையெழுத்தும் வேண்டும் என்றார். தமியான் போடவில்லையென்றால் அந்த வீடு இல்லை. கில்மெஸில் அவளுடைய அக்கா வீட்டு சோபாதான். அவனோ ‘பார்க்கலாம்’ என்றே கோடையை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அங்கே பிப்ரவரிதான் கோடை விடுமுறை. அந்த ஊர் ஆலோசகர்கள் எல்லோரும் அப்போது கடற்கரைக்குப் போய்விடுவார்கள். இர்மாவும் கடைசி அமர்வு முடிந்து கதவருகே நின்றபோது, “நான் இல்லாதப்ப பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க. மார்ச்சுல பேசிக்கலாம்” என்றாள். எல்லோரிடமும் சொல்வதுதான். தமியானின் முகம் மட்டும் விளக்குப் போட்டதுபோலப் பிரகாசித்தது.

நொயெமியும் சும்மா இருக்கவில்லை. இர்மா போகும் சான் பெர்னார்தோவிலேயே விடுமுறைக்கு இடம் பிடித்தாள். “தற்செயல்” என்றாள். கடற்கரையில் வரிசை வரிசையாகக் கட்டிய வாடகைக் கூடாரங்களில் இவர்களுடையதற்கு மூன்று தள்ளி, பெரிய தொப்பியும் சுடோகுப் புத்தகமுமாக இர்மா உட்கார்ந்திருந்தாள். மணலில் ஆலோசகரைப் பார்த்தால் பார்க்காததுபோல் போய்விட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. மூவரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தமி, வீட்டுக்காரர் இன்னிக்குப் பதில் கேக்கறார்.”

“ஒல்லி, இது பிப்ரவரி.” அவளை அவன் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

“அப்போ நான் தெருவுலயா நிக்கறது?”

“பாத்தியா, பாத்தியா? இது நீ பேசல, உன் வகை பேசுது. நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்.”

அலைபேசியை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனான். மறந்து அல்ல, அவளுக்குத் தெரியும்படி வைத்துவிட்டுப் போனான்.

காலை போய் உச்சி வெயில் வந்தது. அவனைக் காணவில்லை. நொயெமி கொண்டுவந்திருந்த ரொட்டியில் மணல் ஏறியது. போய்விட்டான், பஸ் ஏறிவிட்டான், மூழ்கிவிட்டான் என்று ஒவ்வொன்றாக நினைத்து, மூழ்கியிருந்தால் தேவலை என்று ஒரு கணம் நினைத்தும் பார்த்தாள். பிறகு நாற்காலியின் மேல் ஏறி நின்று கைதட்டத் தொடங்கினாள்.

அந்தக் கடற்கரைகளில் சின்னப் பிள்ளை தொலைந்துபோனால் அப்படித்தான் கைதட்டுவார்கள். கேட்டவர்கள் எழுந்து தாங்களும் தட்டுவார்கள். ஓசை கூடாரம் கூடாரமாகப் பரவும். பிள்ளையை யாராவது தோளில் தூக்கிக்கொண்டு ஓசை வரும் பக்கமாக நடப்பார்கள். பிள்ளைகளுக்கு மட்டும்தான் அது. நொயெமிக்கு அது தெரியாததல்ல.

பக்கத்துக் கூடாரத்து தெல்மா, லானுஸிலிருந்து வந்திருந்த பெரிய உருவத்துக்காரி, மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையை மணலில் குத்திவைத்துவிட்டு எழுந்தாள். “ஐயோ, யாரு பெத்த புள்ளையோ!” என்று அவளும் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் கடற்கரை முழுக்க ஒரே கைதட்டல். இர்மாகூடச் சுடோகுவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினாள்.

உயிர்காப்பாளன் ஓடிவந்தான்.

“பேரு?”

“தமியான்.”

“வயசு?”

நொயெமி மணலைப் பார்த்தாள். “முப்பத்தாறு.”

“முப்பத்தாறு மாசமா?”

“வருஷம்.”

தெல்மாவின் கை அந்தரத்தில் நின்றது. உயிர்காப்பாளன் கடலை ஒருமுறை பார்த்தான், இவளை ஒருமுறை பார்த்தான்.

“நீச்சல் தெரியுமா?”

“தெரியும்.”

“சண்டையா?”

“வாடகை ஒப்பந்தம். கையெழுத்துப் போடணும்.”

“அப்போ கடல்ல தேட வேணாம்க்கா” என்றான் அவன்.

ஆனால் தூரத்தில் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? இர்மா மட்டும் நாற்காலி மேல் நிற்பது யார் என்று கண்டுகொண்டு மெல்ல உட்கார்ந்து, தொப்பியை மூக்குவரை இறக்கினாள். மற்றவர்கள் விடவில்லை. நொயெமி அந்த ஓசையோடே கரையோரமாக நடந்தாள். உயிர்காப்பாளன் பின்னால் வந்தான்.

பொரித்துச் சர்க்கரை தூவிய சுர்ரோ பலகாரம் விற்கும் வண்டியருகே தமியான் நின்றுகொண்டிருந்தான். மீசையெல்லாம் சர்க்கரை. கைதட்டிக்கொண்டிருந்தான். அங்கே இருந்தவர்களிலேயே பலமாகத் தட்டியது அவன்தான்.

“யாரோட குழந்தை காணோமாம்?” என்று பக்கத்துக்காரியிடம் கேட்டான். “பாவங்க, அந்த அம்மா எப்படித் துடிச்சுக்கிட்டு இருப்பா! எங்கன்னு தெரியாம ஒரு நிமிஷம் இருக்கறதே எவ்வளவு கொடுமை!”

நடிப்பு இல்லை. அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

நொயெமி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியானால் இவனுக்குத் தெரிகிறது. காத்திருப்பவள் எப்படித் தவிப்பாள் என்று யாரும் சொல்லித்தராமலே இவனுக்குத் தெரிகிறது. எந்த வகையும் குறுக்கே வந்து நிற்கவில்லை, சின்ன வயதில் யாரும் தூக்காததும் தடுக்கவில்லை. முகம் தெரியாத ஒருத்திக்கு ஒரு நொடியில் கிடைத்த இரக்கம், தனக்கு மட்டும் மூன்று வருடமாக அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போயிருக்கிறது. இந்த மீசைச் சர்க்கரைக்காகவா நாற்காலி மேல் ஏறினோம் என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

“அண்ணே, நீங்கதான் தமியானா?” என்றான் உயிர்காப்பாளன். “உங்களைத்தான் தேடறாங்க. நடந்து வரீங்களா, தோள்ல தூக்கணுமா?”

சுற்றியிருந்தவர்கள் முதலில் விழித்தார்கள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கைதட்டல் இன்னும் பலத்தது.

“பைத்தியமாடி உனக்கு?” தமியானின் காது சிவந்துவிட்டது. விறுவிறுவென்று கூடாரங்களைப் பார்த்து நடந்தான். கடற்கரை மரியாதையெல்லாம் காற்றில் போக, நேராக இர்மாவின் முன்னால் போய் நின்றான்.

“நீங்களே பாத்தீங்கல்ல? இது எந்த வகைன்னு நீங்களே சொல்லுங்க.”

“தமியான், நான் லீவுல இருக்கேன்.”

“ஒரே ஒரு வார்த்தை, இர்மா.”

“மார்ச்சுல பேசிக்கலாம். கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க.”

தீர்ப்பு கிடைக்காதவன் திரும்பிப் பார்த்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பேர் பார்க்கும்போது பெருந்தன்மை வருவது அவனுக்குச் சுலபம்.

“சரி, ஒல்லி. கையெழுத்துப் போடறேன். போதுமா?”

“அடேங்கப்பா, மாப்பிள்ளை சம்மதிச்சுட்டாரு!” என்று தெல்மா மறுபடி கைதட்டினாள்.

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நொயெமி இத்தனை நாளும் தவம் கிடந்தாள். கேட்கும்போது அழுவோம் என்று நினைத்திருந்தாள். இப்போது கேட்டபோது, யாரோ யாரிடமோ எதையோ விற்கிறார்கள் என்றுதான் இருந்தது.

“ஆனா சிலது முன்னாடியே பேசிடணும்” என்று தமியான் மீசையைத் துடைத்தான். “வியாழக்கிழமை எனக்கு மட்டும். தனி ரூம் வேணும். வெளிய போனா எங்கன்னு கேக்கக் கூடாது. அப்புறம் உங்கக்கா…”

சொல்லும்போதே இர்மாவுக்குக் கேட்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான். சுடோகுவின் பக்கம் ஒன்று புரண்டது.

நொயெமி துண்டை எடுத்து உதறினாள். பையை மாட்டிக்கொண்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மணல்மேட்டின் மேல் போட்டிருந்த மரப்பலகை வழியில் ஏறினாள். கீழே தமியான் அவளுடைய அக்காவைப் பற்றிய நிபந்தனையை விளக்கிக்கொண்டிருந்தான். தெல்மா எதையோ கத்திக் கேட்டாள். நொயெமி மேட்டைத் தாண்டி பஸ் நிலையத்துத் தெருவில் இறங்கினாள்.