மூக்குத் தாழ்ந்தால் நிற்கும் எஞ்சின்

முறைப்பாடுகள் ஐம்பத்திரண்டு. எல்லாம் ஒரே விஷயம்: எங்கள் கேமில் வரும் ஹரிக்கேன் போர்விமானத்தின் மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எஞ்சின் நின்றுவிடுகிறது.

"சுபோதினி, நாலு மணிக்கு அப்டேட் போகுது. அதுக்கு முதல் அந்தப் பிழையை எடுத்துவிடும்," என்றார் மிதுஷன் அண்ணா. வெள்ளவத்தையில் ஒரு மாடியில் இயங்கும் எங்கள் சிறிய கேம் கம்பனி அவருடையது.

அது பிழையல்ல. 1940ஆம் ஆண்டு ஹரிக்கேன் அப்படித்தான் பறந்தது. மூக்குத் திடீரென்று தாழ்ந்தால், எஞ்சினுக்குப் பெற்றோல் கொடுக்கும் காபரேற்றருக்குள் பெற்றோல் மேலே எழும்பும். எஞ்சின் ஓரிரு நொடி செத்துப்போகும். எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தில் காபரேற்றர் இல்லை; பெற்றோல் நேரே எஞ்சினுக்குள் பீச்சப்படும். அது குத்திட்டு இறங்கித் தப்பிவிடும். இரண்டு மாதம் கணக்குப் போட்டு அந்த ஓரிரு நொடியைக் கேமுக்குள் எழுதியவள் நான்.

அதைச் சொல்ல மெசேஜ் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன்.

"வாயத் தொறந்து செல்லுங்களேன்," என்றாள் பக்கத்து மேசை நிஹ்லா. "பத்தடியில ஈக்கிற மனிசனுக்கு மெசேஜா?"

"சொல்லுவன்."

"எப்ப? ப்ளேன் விழுந்த பொறகா?"

மூன்று இருபதுக்கு எழுந்து போனேன். மிதுஷன் அண்ணா திரையில் ஹரிக்கேனை ஓட்டி ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டைத் துரத்திக்கொண்டிருந்தார். அது குனிந்தது. இவரும் குனிந்தார். எஞ்சின் இருமி நின்றது.

"சனியன்! எடுத்தாச்சோ?"

"இல்லை."

"ஏன்?"

 கையை நீட்டி, விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கை வாங்கினேன். அடுத்த மெஸ்ஸர்ஷ்மிட் குனிந்ததும் ஹரிக்கேனை முதலில் தலைகீழாகப் புரட்டினேன். பிறகு ஸ்டிக்கை என் பக்கம் இழுத்தேன். விமானம் கீழே பாய்ந்தது. எஞ்சின் நிற்கவில்லை.

"எப்பிடி?"

"கவிழ்த்துப்போட்டு இழுத்தா பெற்றோல் அடியிலயே இருக்கும், அண்ணா. அந்தக் காலத்து விமானிகள் அப்பிடித்தான் செய்தவை. இதை எடுத்தா... இது ஹரிக்கேனே இல்லை."

அவர் தானே இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். ஆனா சனத்துக்கு ஆர் விளங்கப்படுத்துறது? நீரே ஒரு நிமிஷ வீடியோவில கதையும். அதுவும் அப்டேட்டோட போகோணும். இல்லாட்டி எஞ்சின் நிக்கிறதை எடுத்துவிடும்."

"நிஹ்லா கதைக்கட்டும்."

"நானா? எனக்கு ஸ்கூட்டர் ஓடவே பயம்," என்றாள் அவள், மைக்கை என் முன்னால் தள்ளி.

முதல் முறை பாதியில் மறந்தேன். இரண்டாவதில் சத்தம் பதியவில்லை. மூன்றாவது முடிந்தபோது மணி மூன்று ஐம்பத்தொன்று.

நிஹ்லா ஹெட்போனைக் கழற்றினாள். "கொரல் நடுங்குது. திரும்ப எடுப்பமா?"

"வேண்டாம். அனுப்புங்கோ."

அப்டேட்டோடு அனுப்பினாள். பார்க்கிறவர்கள் என்ன சொல்லப்போகிறார்களோ என்று எனக்கு உட்கார முடியவில்லை.