தாம்பூலப் பையின் முகவரி

எங்கள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை அடித்தபோது, எங்கள் பெயர்களைச் சின்னதாகப் போட்டு, நடுவில் ஒரு க்யூஆர் கட்டத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார் அறிவுச்செல்வன். அவருடைய தாய்மாமா வீரமுத்து பையை விரித்துப் பார்த்தார்.

"என்னடா மாப்ள, தாயக்கட்டம் போட்ருக்க? காய் எங்க?"

பந்தியே சிரித்தது.

அறிவுச்செல்வன் பெரம்பலூரில் பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்தார். கருகின இலையோடு வருகிறவர்களுக்குத் தினமும் சொல்வதையே தன் குரலில் பதிவு செய்து ஓர் இணையதளத்தில் வைத்திருந்தார். கட்டத்துக்கு நேரே போனைப் பிடித்தால் போதும், படிக்கத் தெரியாதவர்களும் கேட்கலாம்.

"பத்திரிகையைத் தூக்கிப் போட்ருவாங்க வினோ. பையை யாரும் போட மாட்டாங்க" என்றார்.

அப்படியே ஆனது. அவர் போன பிறகும் பைகள் இருந்தன. நெடுஞ்சாலையில் பைக்கில் போனவர் திரும்பவில்லை. அதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

இந்த வருடம், தளம் இருந்த நிறுவனம் சேவையை நிறுத்தப்போவதாகத் தகவல் அனுப்பியது. குரல்களை எல்லாம் வேறோர் இடத்துக்கு மாற்றினேன். ஆனால் புது இடம் ஒவ்வொரு பதிவுக்கும் தானாகவே ஒரு நீளமான முகவரியைக் கொடுத்தது. பைகளில் இருந்ததோ பழைய முகவரி. ஊர் ஊராகப் போய்ப் பைகளைத் திரும்ப வாங்கி அச்சடிக்கவா முடியும்? பழைய தளம் மூடினால், கட்டத்தைக் காட்டுகிறவர்களுக்கு அவர் குரல் கிடைக்காது.

சென்னையில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிற பிரவீணாவைக் கூப்பிட்டேன். என் கணவரின் சித்தப்பா மகள். பையில் இருக்கிற முகவரியின் பெயர் அண்ணன் தனியாகக் காசு கட்டி வாங்கியது, தளம் மூடினாலும் அது நம்மிடம்தான் இருக்கும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது ஒரு பக்கம்கூட வராத நிரல். எந்த முகவரியைக் கேட்கிறார்கள் என்று பார். பட்டியலில் உள்ள பழையது என்றால் புதியதைச் சொல்லி அனுப்பு, இல்லையென்றால் பழைய தளத்துக்கே விடு. வீடு மாறிப் போனவர்களைத் தேடி வருகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரி செய்கிற வேலைதான்.

"இது எந்த மெஷின்ல ஓடும்?" என்று கேட்டேன்.

"நமக்குன்னு மெஷினெல்லாம் கிடையாது அண்ணி. யாராச்சும் கட்டத்தைக் காட்டுனா எங்கயோ ஒரு மெஷின்ல இது எந்திரிக்கும். வழி சொல்லும். போயிரும்."

"அப்புறம் எங்க இருக்கும்?"

"எங்கயும் ஓடிட்டு இருக்காது. எழுதி வச்சது மட்டும் இருக்கும், அடுத்த ஆள் கேக்குற வரைக்கும்."

சிறுவாச்சூர் வீட்டில் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்த என் மாமியார் பெரியம்மாள் இதையெல்லாம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம காளியே திங்களும் வெள்ளியுந்தான் நடை தொறப்பா. இது எப்பக் கூப்பிட்டாலும் வருமாமா? பாத்துருவோம்."

விதை வெங்காயம் போட்டுவைத்திருந்த பையை என் பக்கம் தள்ளினார். போனைக் காட்டினேன். கண் இமைப்பதற்குள் பக்கம் மாறியது.

"வணக்கமுங்க, அறிவு பேசுறேன். வெங்காயத்துல தாளு நுனி கருகுதுங்களா?"

மாமியாரின் அரிவாள்மனை நின்றது. எங்கோ, எந்த ஊரில், எந்த நாட்டில் என்றுகூடத் தெரியாத ஓர் இயந்திரம், இந்தக் கசங்கிய மஞ்சள் பைக்காக ஒரு கணம் விழித்து வழி சொல்லியிருக்கிறது. அதற்கு அவரையும் தெரியாது, என்னையும் தெரியாது. கோயிலில் நிற்பதுபோல் நின்றேன்.

மறுவாரம் பழைய தளம் மூடியது. அன்றைக்கே விக்கிரமங்கலத்திலிருந்து அம்மா போன் செய்தார்.

"வினோ, மாப்ள பேச மாட்டேங்குறாருடி."

"என்னம்மா சொல்ற? இங்க பேசுறாரே."

"இங்க பேசலங்கிறேன்! பக்கத்து வூட்டு பாக்யலட்சுமி முந்திரிக்கு என்ன மருந்துன்னு கேட்டு வந்தா. பையைக் காட்டுனா, பக்கம் இல்லைன்னு வருது. சிறுவாச்சூர்க்காரங்களுக்கு மட்டுந்தான் பேசுவாராமான்னு அவ கேக்குறா."

அப்போதுதான் புரிந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் தனியாகவும் பெண் வீட்டார் தனியாகவும் பை அடிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பையில் வெங்காயம், பருத்தி. பெண் வீட்டுப் பைக்கு அவர் வேறு முகவரி வைத்து, எங்கள் ஊருக்கென்று முந்திரியைப் பேசியிருந்தார். சிறுவாச்சூர் வீட்டில் ஆணியில் தொங்கிய பைகளைப் பார்த்தே நான் நிரலை எழுதியிருந்தேன். என் பிறந்த வீட்டுப் பையை மறந்துபோனேன்.

முந்திரிக் குரல் புது இடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. அதற்கு வழி சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த முகவரியையும் நிரலில் சேர்த்துச் சேமித்தேன்.

"அம்மா, போனை வைக்காத. பாக்யலட்சுமியக்காவோட போன்ல இப்பக் காட்டச் சொல்லு."

பை சரசரப்பது கேட்டது. பிறகு, அம்மாவின் போன் வழியாக, கொஞ்சம் தூரத்திலிருந்து அந்தக் குரல்.

"வணக்கமுங்க, அறிவு பேசுறேன். முந்திரியில கொழுந்து காயுதுங்களா?"

"ஆமாங்க" என்றாள் பாக்யலட்சுமி, எதிரில் ஆள் நிற்பதுபோல.

"வாங்க மாப்ள, சாப்ட்டீங்களா?" என்றார் அம்மா. வாயில் தானாக வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அதற்குள் என் நிரல் வழி சொல்லி முடித்து, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. அவர் முந்திரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.